ஓஎஃப்டிஎம் சிக்னலின் உச்சத் திறன்: எந்த வழியை, எந்த இடத்தில் தேர்வது?

தரவைப் பல துணை ஊர்தி அலைகளில் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பும் ஓஎஃப்டிஎம் முறையில் இயங்கும் கம்பியில்லாப் பரப்பியை வடிவமைக்கும் எவரும், ஆன்டெனாவுக்கு முன்னால் நிற்கும் திறன் பெருக்கியைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் ஒரு கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். சராசரித் திறனைப்போல் பத்து மடங்கையும் தாண்டி அவ்வப்போது எழும் உச்சங்களை என்ன செய்வது? அவற்றுக்கும் இடம் விட்டுப் பெரிய பெருக்கியை வைத்து, பெரும்பாலான நேரம் அதைத் தாழ்ந்த நிலையில் ஓடவிடலாம். உச்சங்களை வெட்டிவிடலாம். அவை எழாதபடி தரவு அலைகளின் கட்டங்களை (ஃபேஸ்) மாற்றி அடுக்கலாம். அல்லது அலைவடிவத்தையே மாற்றிவிடலாம். இந்த வழிகளை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் உச்சம் எத்தனை டெசிபல் (திறன் விகிதத்தின் மடக்கை அளவு; 10 டெசிபல் பத்து மடங்கு, 3 டெசிபல் ஏறத்தாழ இரு மடங்கு) குறைந்தது என்பதையே முதல் அளவுகோலாக வைக்கின்றன. முடிவெடுக்க அது போதாது என்பது என் உறுதியான கருத்து. உச்சத்தின் செலவு எந்த வழியிலும் மறைந்துவிடுவதில்லை. மின்சாரம், அலைக்கற்றை, பிட் வீதம், கணக்கீடு, ஏற்பியின் பிழை ஆகிய ஐந்தில் ஏதோ ஒன்றின் கணக்கில் அது ஏறுகிறது. தம் அமைப்பில் எந்தக் கணக்கில் இடம் மிச்சம் இருக்கிறது, ஏற்பியை மாற்றும் உரிமை தமக்கு உண்டா என்னும் இரண்டையும் பார்த்த பிறகே டெசிபல் எண்ணைப் பார்க்க வேண்டும்.

உச்சம் எவ்வளவு பெரியது, எத்தனை முறை வருகிறது

ஒன்றுக்கொன்று செங்குத்தான பல துணை ஊர்தி அலைகளில் தரவைப் பிரித்து அனுப்பும் எண்ணத்தை 1966-இல் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் சாங் முன்வைத்தார். அலையியற்றிகளை வரிசையாக அடுக்காமல் ஃபூரியர் மாற்றத்தைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று வைன்ஸ்டைன், எபர்ட் இருவரும் 1971-இல் காட்டினர். இன்றைய வைஃபை, நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைபேசி வலையமைப்புகள், இலக்க முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு எனப் பலவும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கின்றன. பல அலைகளின் கூட்டல் என்பதால், ஒரு கணத்தில் அவை எல்லாம் ஒரே கட்டத்தில் சேர்ந்துவிட்டால், உச்சத் திறன் சராசரியைப்போல் துணை ஊர்திகளின் எண்ணிக்கை மடங்கு ஆகிவிடும். 64 துணை ஊர்திகளுக்கு இது 18 டெசிபல். 1024-க்கு 30 டெசிபல்.

இந்த மீப்பெரு மதிப்பைக் கண்டு அஞ்சி வடிவமைக்கத் தேவையில்லை. 32 துணை ஊர்திகள் மட்டுமே கொண்ட, க்யூபிஎஸ்கே பண்பேற்றம் (ஒவ்வொரு ஊர்தியிலும் நான்கு கட்டங்களில் ஒன்றால் இரண்டு பிட் ஏற்றும் முறை) உடைய ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். 4-இன் 32-ஆம் அடுக்கு அளவிலான சிம்பல் (எல்லா ஊர்திகளிலும் ஒரு தடவையில் அனுப்பப்படும் அலைத்துண்டு) வகைகளில் 16 மட்டுமே முழு உச்சத்தைத் தொடும். ஒரு சிம்பலின் நீளம் 100 மைக்ரோவினாடி என்றால், அத்தகைய சிம்பல் சராசரியாக முப்பத்தாறு லட்சம் ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும். ஆகவே கேட்க வேண்டியது நிகழ்தகவைத்தான்.

துணை ஊர்திகள் பல இருக்கும்போது, கூட்டுச் சிக்னல் காஸியப் பரவலை நெருங்குகிறது. அதன் வீச்சு ரேலி பரவலையும், கணத் திறன் அடுக்குக்குறிப் பரவலையும் பின்பற்றுகின்றன. இதிலிருந்து நேரடியாகக் கணக்கிடலாம். கணத் திறன் சராசரியைவிட 6 டெசிபலுக்கு மேல் இருக்கும் நேரம் ஏறத்தாழ 1.9 விழுக்காடு, 8 டெசிபலுக்கு மேல் 0.18 விழுக்காடு; 10 டெசிபலுக்கு மேல் ஒரு லட்சத்தில் நான்கைந்து பங்கு. சிம்பல் வாரியாகப் பார்த்தால், ஆயிரத்தில் ஒரு சிம்பல் தாண்டும் உச்ச அளவு 64 துணை ஊர்திகளுக்கு 10.4 டெசிபலாகவும், 1024-க்கு 11.4 டெசிபலாகவும் வருகிறது. துணை ஊர்திகள் பதினாறு மடங்கு பெருகியும் உச்சம் ஒரு டெசிபல்தான் கூடியிருக்கிறது. உச்சப் பிரச்சினையிலிருந்து தப்பிக்கத் துணை ஊர்திகளைக் குறைப்பது பயன்தரும் வழியன்று என்பதற்கு இந்த ஓர் எண்ணே போதும்.

மாதிரிப் புள்ளிகளுக்கு இடையே மறைந்திருக்கும் உச்சத்தை மேற்சொன்ன எளிய கணக்கு பிடிப்பதில்லை. தொடர் அலையின் உண்மையான உச்சத்தைக் காண, நான்கு மடங்கு மிகைமாதிரி எடுத்துப் பார்ப்பது வழக்கம். அப்படிப் பார்க்கும்போது மேலே சொன்ன எண்கள் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 டெசிபல் வரை கூடும். மிகைமாதிரி இல்லாமல் பெறப்பட்ட குறைப்பு எண்ணை எந்த ஆய்வில் கண்டாலும் ஐயத்துடன் படிப்பது நல்லது.

ஒன்றும் செய்யாமல் இடம் விடுவது

முதல் வழி, பின்வாங்கல். பெருக்கியின் செறிவுநிலைக்கு (அதற்கு மேல் வெளியீடு கூடாத நிலை) 10 அல்லது 11 டெசிபல் கீழே சராசரித் திறனை வைத்துவிட்டால், உச்சங்கள் ஏறத்தாழ முழுமையாகக் கடந்து போகும். சிக்னல் தூய்மையாக இருக்கும். ஏற்பி எதையும் அறிய வேண்டியதில்லை. விலை மின்சாரத்தில். அலை முழுவதற்கும் இடைவிடாது மின்சாரம் இழுக்கும் ஏ வகைப் பெருக்கியின் உச்சத் திறமை 50 விழுக்காடு. அது வெளியீட்டுத் திறனோடு நேர்விகிதத்தில் சரிவதால், 10 டெசிபல் பின்வாங்கினால் 5 விழுக்காடே மிஞ்சும். அலையின் பாதிக்கு மட்டும் மின்சாரம் இழுக்கும் பி வகையில் உச்சம் 78.5 விழுக்காடு, சரிவு வீச்சைப் பொறுத்தது என்பதால் 11 டெசிபலில் 22 விழுக்காடும், 8 டெசிபலில் 31 விழுக்காடும் கிடைக்கும். 20 வாட் சராசரித் திறனைக் காற்றில் ஏற்ற, பி வகையில் 11 டெசிபல் பின்வாங்கினால் 90 வாட் மின்சாரம் வேண்டும். 8 டெசிபல் என்றால் 64 வாட் போதும். இவை இலட்சிய மதிப்புகள்; நடைமுறைப் பெருக்கிகள் இவற்றுக்குக் கீழேதான் இருக்கும். இருந்தாலும் மூன்று டெசிபல் என்பது எவ்வளவு பெரிய பணம், எவ்வளவு வெப்பம் என்பதை இவை சரியாகவே காட்டுகின்றன.

பெருக்கியின் கட்டமைப்பை மாற்றி இந்தச் சரிவைத் தணிக்கவும் முடியும். 1936-இல் வில்லியம் டோஹர்ட்டி வகுத்த, இரு பெருக்கிகள் சேர்ந்து இயங்கும் அமைப்பு, உச்சத்துக்கு 6 டெசிபல் கீழேயும் கோட்பாட்டளவில் முழுத் திறமையை மீண்டும் எட்டுகிறது. வானொலி ஒலிபரப்புக்காகப் பிறந்த அந்தச் சுற்று இன்று கைபேசி அடிநிலையங்களின் முதன்மைப் பெருக்கியாக இருப்பதற்கு ஓஎஃப்டிஎம் சிக்னலின் உச்சங்களே பெரிய காரணம். ஆனால் அதன் திறமை மிகும் இடம் 6 டெசிபலில் இருக்க, சிக்னலோ 11 டெசிபல் கேட்கிறது. இந்த இடைவெளியை மூடச் சிக்னலைத்தான் தொட வேண்டியிருக்கிறது.

பின்வாங்கலை இழிவாகப் பேசுவது ஆய்வுலக வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. பரப்பும் திறன் சில மில்லிவாட் மட்டுமே உள்ள குறுந்தொலைவுக் கருவியில், இலக்க முறைச் செயலகமே பெருக்கியைவிட அதிக மின்சாரம் உண்ணக்கூடும். அங்கே உச்சத்தைக் குறைக்கக் கூடுதல் கணக்கீடு சேர்ப்பது சேமிப்பையே விழுங்கிவிடும். இடம் விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதே சரியான பொறியியல்.

வெட்டுதலும் வடிகட்டலும்

ஒரு வரம்பைத் தாண்டும் வீச்சை அந்த வரம்பிலேயே நிறுத்திவிட்டு, கட்டத்தை அப்படியே விடுவது வெட்டுதல். இதைவிட எளிய வழி இல்லை. ஏற்பி மாற வேண்டாம், பிட் வீதம் குறையாது, பக்கத்தகவல் (ஏற்பிக்குத் தனியே சொல்ல வேண்டிய குறிப்பு) எதுவும் அனுப்ப வேண்டாம். விலை இரண்டு இடங்களில் எழுகிறது: பட்டைக்கு உள்ளே பிழை, பட்டைக்கு வெளியே கசிவு.

உட்பட்டைப் பிழையைக் காகிதத்திலேயே கணக்கிட முடிவது இந்த வழியின் பெரிய சிறப்பு. காஸியச் சிக்னலை நேரிலாச் சுற்று ஒன்றில் செலுத்தினால், வெளிவருவது சற்றுத் தணிந்த மூலச் சிக்னலும் அதனோடு தொடர்பற்ற இரைச்சலும்தான் என்று புஸ்காங் 1952-இல் நிறுவிய தேற்றம் இதற்கு அடிப்படை. சராசரிக்கு 8 டெசிபல் மேலே வெட்டினால் பிழைத் திறன் சிக்னலுக்கு 39 டெசிபல் கீழே இருக்கும். பிழைத் திசையன் அளவில், அதாவது அனுப்ப வேண்டிய மதிப்பிலிருந்து சிக்னல் விலகும் வீச்சளவில், இது 1.1 விழுக்காடு. 7 டெசிபலில் 2.3 விழுக்காடு, 6 டெசிபலில் 4.2 விழுக்காடு, 4 டெசிபலில் 10.4 விழுக்காடு என்று அது ஏறுகிறது. இவற்றை நான்காம் தலைமுறைத் தரநிலையான எல்டிஇயின் அடிநிலையங்களுக்கான வரம்புகளோடு வைத்துப் பார்க்கலாம்: க்யூபிஎஸ்கேவுக்கு 17.5 விழுக்காடு, 16-க்யூஏஎம்முக்கு 12.5, 64-க்யூஏஎம்முக்கு 8, 256-க்யூஏஎம்முக்கு 3.5. (க்யூஏஎம் முன்னுள்ள எண் பெரிதானால் பண்பேற்றம் அடர்ந்தது: ஏறும் பிட்டுகள் கூடும், பிழைக்கு இடம் குறையும்.) அதாவது க்யூபிஎஸ்கே மட்டுமே அனுப்பும் அமைப்பு 4 டெசிபலில் வெட்டியும் விதிக்குள் நிற்கும். 256-க்யூஏஎம் அனுப்பும் அமைப்பு 6 டெசிபலிலேயே விதியை மீறிவிடும். அந்த வரம்பை அலையியற்றியின் கட்ட நடுக்கமும் பெருக்கியின் எஞ்சிய நேரின்மையும் பங்குபோட்டுக் கொள்வதால், வெட்டுதலுக்கு முழு ஒதுக்கீடும் கிடைக்காது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஏற்பியின் பக்கமிருந்து இதே கதை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. வெட்டுப் பிழையைச் சாதாரண இரைச்சலாகவே கொள்வோம். 6 டெசிபலில் வெட்டிய சிக்னலைப் பெறும் ஏற்பிக்கு 10 டெசிபல் சிக்னல்-இரைச்சல் விகிதம் போதும் என்றால், வெட்டியதால் வரும் இழப்பு 0.1 டெசிபலுக்கும் குறைவு. அதே ஏற்பிக்கு 25 டெசிபல் தேவை என்றால் இழப்பு 3.6 டெசிபல், உச்சத்தைக் குறைத்துச் சேர்த்த இலாபம் பெரும்பாலும் கரைந்துவிட்டது. 8 டெசிபலில் வெட்டினால் அந்த 25 டெசிபல் ஏற்பிக்கும் இழப்பு 0.2 டெசிபலுக்குள் அடங்கும். 11.4 டெசிபலிலிருந்து 8-க்கு இறங்கியதில் கிடைத்த 3.4 டெசிபலில் இவ்வளவு சிறிய பங்குதான் போகிறது. இந்த விகிதத்துக்கு ஈடான பேரத்தை வேறு எந்த வழியிலும் நான் கண்டதில்லை.

வெளிக்கசிவு வேறு வகைச் சிக்கல். கூர்மையாக வெட்டிய விளிம்பு பக்கத்து அலைக்கற்றையில் சிதறும். அடிநிலையங்களில் பக்கத்து அலைவரிசைக் கசிவு 45 டெசிபல் கீழே இருக்க வேண்டும் என்பது விதி. வடிகட்டினால் கசிவு அடங்கும், ஆனால் வெட்டிய உச்சம் ஓரளவு மீண்டும் முளைக்கும். வெட்டி, அலைவெண் தளத்தில் வடிகட்டி, மீண்டும் வெட்டி, மீண்டும் வடிகட்டும் சுழற்சி முறையை ஜீன் ஆம்ஸ்ட்ராங் 2002-இல் வெளியிட்டார். சில சுற்றுகளிலேயே உச்சம் இலக்கை நெருங்கிவிடுகிறது. வன்பொருளில், உச்சம் எழும் இடத்தில் முன்கூட்டியே வடிவமைத்த, பட்டைக்குள் அடங்கும் துடிப்பு ஒன்றைக் கழித்துவிடும் உச்ச நீக்கமும் பரவலாக உள்ளது. இதையும், பெருக்கியின் கோணலை ஈடுகட்டச் சிக்னலை முன்பே எதிர்த்திசையில் திரிக்கும் இலக்க முன்திரிப்பையும் சிலர் மாற்று வழிகள்போல் ஒப்பிடுகின்றனர். அது பிழையான ஒப்பீடு. முன்திரிப்பு பெருக்கியைச் செறிவுநிலை வரை நேராக்கும், உச்சத்தைக் குறைக்காது. உச்சத்தைக் குறைத்த பிறகே முன்திரிப்புக்கு முழுப் பயன். இரண்டும் சங்கிலியில் அடுத்தடுத்து வருபவை.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. பல பயனர்களுக்கு ஒரே சிம்பலில் வெவ்வேறு பண்பேற்றங்கள் செல்லும், கோபுரத்திலிருந்து கைபேசிக்கான கீழிறங்கு இணைப்பில், வெட்டுப் பிழையை எல்லாத் துணை ஊர்திகளிலும் சமமாகப் பரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. க்யூபிஎஸ்கே செல்லும் துணை ஊர்திகளில் பிழையைக் குவித்து, 256-க்யூஏஎம் செல்லும் இடங்களைக் காக்கும்படி வடிகட்டியை வகுக்கலாம். சமமாகப் பரவிய பிழைக்கான கணக்கைவிடக் கூடுதலாக வெட்ட இது இடம் தருகிறது. ஏற்பி எதையும் அறியாமலே கிடைக்கும் இலாபம் என்பதால், அடிநிலையம் வடிவமைப்பவர்கள் முதலில் முயல வேண்டியது இதைத்தான் என்பேன்.

கட்டங்களை மாற்றிப் பார்ப்பது

ஒரே தரவுக்குப் பல மாற்று வடிவங்களை உருவாக்கி, உச்சம் குறைந்ததை மட்டும் அனுப்புவது அடுத்த குடும்பம். தேர்வுப் பொருத்தல் எனப்படும் எஸ்எல்எம் முறையை 1996-இல் பொய்ம்ல், ஃபிஷர், ஹூபர் மூவரும் வெளியிட்டனர். துணை ஊர்திகளைத் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொரு தொகுதியையும் ஒரு கட்டத்தால் சுழற்றும் பிடிஎஸ் முறை அடுத்த ஆண்டு முல்லர், ஹூபர் இருவரிடமிருந்து வந்தது. இவற்றில் சிக்னல் சிதைவதே இல்லை. உட்பட்டைப் பிழையும் இல்லை, வெளிக்கசிவும் இல்லை. கணித அழகு மிகுந்த வழிகள் இவை, ஆய்விதழ்களில் இவற்றுக்குக் கிடைத்த இடமும் மிகப் பெரியது.

எண்களைப் பார்ப்போம். 1024 துணை ஊர்திகள், நான்கு மாற்று வடிவங்கள் என்றால், ஆயிரத்தில் ஒன்று என்னும் நிலையில் உச்சம் 11.4-லிருந்து 9.3 டெசிபலுக்கு இறங்கும். மாற்றுகளைப் பதினாறாக்கினால் 8.4. முதல் மூன்று கூடுதல் ஃபூரியர் மாற்றங்கள் 2.1 டெசிபல் தந்தன. அடுத்த பன்னிரண்டு ஒரு டெசிபல்கூடத் தரவில்லை. பிடிஎஸ் முறையில் ஃபூரியர் மாற்றங்கள் குறைவு, ஆனால் தேடல் வெடித்துப் பெருகுகிறது: நான்கு கட்டங்கள், நான்கு தொகுதிகள் என்றால் 64 சேர்க்கைகள்; எட்டுத் தொகுதிகள் என்றால் 16,384. தேடலைச் சுருக்கும் முறைகள் ஏராளமாக உள்ளன. சிலவற்றில் இழப்பு மிகச் சிறிதே.

என்றாலும் தடை கணக்கீட்டில் இல்லை. எந்த மாற்று வடிவம் அனுப்பப்பட்டது என்பதை ஏற்பி அறிந்தாக வேண்டும். அந்தச் சில பிட்டுகள் பிழையானால் சிம்பல் முழுவதும் வீண். பக்கத்தகவலைத் தனியாகக் காக்கலாம், அல்லது தகவலே அனுப்பாமல் ஏற்பியே ஊகிக்கும்படி செய்யலாம். எப்படிச் செய்தாலும் ஏற்பியின் வடிவமைப்பு மாறுகிறது. எல்டிஇ, ஐந்தாம் தலைமுறை என்ஆர் ஆகியவற்றின் தரநிலைகளில் இவற்றுக்கு இடம் இல்லை; தரநிலையில் இல்லாத ஒன்றைக் கோடிக்கணக்கான கைபேசிகள் புரிந்துகொள்ளப் போவதும் இல்லை. மேலே கண்டபடி, எட்டு டெசிபல் வெட்டுதல் ஏறத்தாழ இதே உச்ச அளவை, பதினாறு ஃபூரியர் மாற்றங்கள் இன்றி, ஏற்பிக்குத் தெரியாமலே தந்துவிடுகிறது. ஆகவே, தரநிலைக்குக் கட்டுப்பட்ட கருவி ஒன்றை வடிவமைப்பவர் இந்தக் குடும்பத்தைப் படித்துவிட்டு ஒதுக்கிவிடலாம். இரு முனைகளும் ஒருவர் கையிலேயே இருந்து, துணை ஊர்திகள் சில நூறுக்குள் அடங்கி, பிழைக்குச் சற்றும் இடம் தராத அடர்ந்த பண்பேற்றம் தேவைப்படும்போதுதான் எஸ்எல்எம் உரிய இடத்தைப் பெறுகிறது. 64 துணை ஊர்திகளில் நான்கு மாற்றுகளே உச்சத்தை 10.4-லிருந்து 7.6 டெசிபலுக்கு இறக்கிவிடுவதும் அதற்குச் சாதகம்.

ஒதுக்கீடும் நீட்சியும்

சில துணை ஊர்திகளில் தரவு ஏற்றாமல், உச்சத்தை எதிர்க்கும் அலையை மட்டும் ஏற்றுவது தொனி ஒதுக்கீடு. ஏற்பி அந்த ஊர்திகளைப் புறக்கணித்தால் போதும், பக்கத்தகவல் வேண்டாம். விலை பிட் வீதத்திலும், ஒதுக்கிய ஊர்திகள் உண்ணும் கூடுதல் திறனிலும் எழுகிறது. பண்பேற்றப் புள்ளிகளில் (ஒவ்வொரு பிட் தொகுதியையும் குறிக்கும் வீச்சு-கட்ட இணைகளில்) வெளி ஓரத்தில் இருப்பவற்றை மேலும் வெளியே தள்ளி, அந்த அசைவைக் கொண்டு உச்சத்தைக் குறைப்பது புள்ளி நீட்சி. 2003-இல் குரோங்கோல்ட், ஜோன்ஸ் இருவரின் கட்டுரை இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வெளியே தள்ளப்பட்ட புள்ளி பிழைபடும் வாய்ப்பு குறைவதால் ஏற்பிக்கு இதனால் தீங்கு இல்லை. ஆனால் நீட்டக்கூடிய புள்ளிகளின் பங்கு பண்பேற்றம் அடரும்போது சரிகிறது: க்யூபிஎஸ்கேயில் எல்லாப் புள்ளிகளும் நீளலாம், 256-க்யூஏஎம்மில் 60 புள்ளிகள் மட்டுமே ஓரத்தில் உள்ளன.

இரண்டும் ஒருங்கே இடம்பெற்ற நல்ல எடுத்துக்காட்டு டிவிபி-டி2 தொலைக்காட்சித் தரநிலை. அதன் 32 ஆயிரம் வகையில் இயல்பு நிலையில் இயங்கும் 27,265 துணை ஊர்திகளில் 288 தொனி ஒதுக்கீட்டுக்காக விடப்படுகின்றன. ஏறத்தாழ ஒரு விழுக்காடு. சுழற்றிய புள்ளிகளைப் பயன்படுத்தும்போது நீட்சி கூடாது என்றும் அத்தரநிலை கூறுகிறது. ஒளிபரப்பில் பரப்பிகள் சில, ஏற்பிகள் பல லட்சம். ஒரு பரப்பி பல கிலோவாட் ஏற்றும். அத்தகைய இடத்தில் ஒரு விழுக்காடு பிட் வீதத்தைக் கொடுத்து, மின்கட்டணத்தைக் குறைப்பது தெளிவான இலாபம். பரப்பும் பக்கத்தில் கணக்கீடு எவ்வளவு ஆனாலும் கவலை இல்லை.

குறிமுறை வழியை விரைவாகக் கடந்துவிடலாம். 1999-இல் டேவிஸ், ஜெட்வாப் இருவரும் கோலே நிரப்புத் தொடர்களைப் பிழைதிருத்தும் குறிமுறைகளோடு இணைத்து, உச்சம் ஒருபோதும் 3 டெசிபலைத் தாண்டாது என்று உறுதி தந்தனர். ஈருறுப்புத் தொடர்களில், 16 துணை ஊர்திகளுக்கு 384 தொடர்கள் கிடைக்கின்றன, அதாவது 16 பிட்டுகளில் 8 பிட் தகவல். 64-இல் 15 பிட். 1024-இல் 31 பிட். மூன்று விழுக்காடு தகவலுக்காக ஒரு முழுச் சிம்பலைச் செலவிட முடியாது. மாறாத் தொடர்களுக்கு மட்டும் இந்த எண்ணம் பயன்படும்: எல்டிஇயில் கைபேசியிலிருந்து கோபுரத்துக்கான மேலேறு இணைப்பின் வழிகாட்டிச் சிக்னல்களுக்கு வீச்சு மாறாத ஸடாஃப்-சூ தொடர்களை எடுத்துக்கொண்டதும் உச்சத்தை மனத்தில் வைத்தே.

அலைவடிவத்தையே மாற்றுவது

கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் மேலேறு இணைப்பில் நிலைமை முற்றிலும் வேறு. அங்கே பெருக்கி சிறியது, பேட்டரி வரம்புக்குட்பட்டது, செல்லின் ஓரத்தில் நிற்பவருக்கு ஒவ்வொரு டெசிபலும் இணைப்பு கிடைக்குமா கிடைக்காதா என்பதைத் தீர்மானிக்கும். எனவே எல்டிஇ வகுக்கப்பட்டபோது, கைபேசித் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான 3ஜிபிபியின் 8-ஆம் வெளியீடு, தரவை நேரடியாகத் துணை ஊர்திகளில் ஏற்றாமல் முதலில் ஒரு ஃபூரியர் மாற்றத்தால் பரப்பி, பிறகு ஏற்றும் முறையை மேலேறு இணைப்புக்கு விதித்தது. இரு மாற்றங்களும் பெருமளவு ஒன்றையொன்று நீக்கிவிடுவதால், காற்றில் செல்வது ஒற்றை ஊர்தி அலையின் தன்மையைப் பெறுகிறது. உச்சம் க்யூபிஎஸ்கேயில் இரண்டு மூன்று டெசிபல் குறைகிறது.

என்ஆர் தரநிலை 15-ஆம் வெளியீட்டில் சாதாரண ஓஎஃப்டிஎம், இந்தப் பரப்பிய வடிவம் இரண்டையும் மேலேறு இணைப்பில் வைத்துக்கொண்டது. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட அதுவே நமக்கு வாய்ப்பான எண்களைத் தருகிறது. 23 டிபிஎம், அதாவது 200 மில்லிவாட், வகைக் கைபேசி, க்யூபிஎஸ்கே அனுப்பும்போது விதியின்படி குறைத்துக்கொள்ளலாம் என்று அனுமதிக்கப்பட்ட திறன், சேனலின் நடுப்பகுதி ஒதுக்கீட்டில் சாதாரண ஓஎஃப்டிஎம்முக்கு 1.5 டெசிபல், பரப்பிய வடிவத்துக்குச் சுழியம். ஓர ஒதுக்கீட்டில் முறையே 3, 1. 256-க்யூஏஎம்மில் 6.5, 4.5. ஆக ஒன்றரை முதல் இரண்டு டெசிபல் இடைவெளி நிலையாக நிற்கிறது. தொலைவோடு சிக்னல் 3.5 அடுக்கில் தேயும் சூழலில், 2 டெசிபல் என்பது 14 விழுக்காடு கூடுதல் தொலைவு, ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் பரப்பளவு. காகிதத்தில் சிறிதாகத் தோன்றும் எண்ணுக்கு இவ்வளவு விளைவு இருக்கிறது.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் இதையே வைக்கவில்லை? அலைவெண்ணுக்கு அலைவெண் தடம் வெகுவாக மாறும் இடங்களில், ஆழமாகத் தேய்ந்த துணை ஊர்தியின் இரைச்சல், தடத்தின் திரிபைச் சரிசெய்யும் ஏற்பியின் சமனாக்கியில் பெருகி, பரப்பிய எல்லாக் குறியீடுகள்மீதும் படர்கிறது. சாதாரண ஓஎஃப்டிஎம்மில் அது அந்த ஓர் ஊர்தியோடு நிற்கும். பல ஆன்டெனா அடுக்குகளில் ஒரே நேரத்தில் தரவு அனுப்பும்போது ஏற்பியின் வேலையும் கடினமாகிறது. என்ஆரின் 15-ஆம் வெளியீட்டில் பரப்பிய வடிவம் ஓரடுக்குக்கு மட்டுமே. ஒதுக்கீடு தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்னும் கட்டுப்பாடும் உண்டு. எனவே ஓரத்தில் நிற்பவருக்குப் பரப்பிய வடிவம், கோபுரத்தருகே இருப்பவருக்குச் சாதாரண ஓஎஃப்டிஎம் என்பதே இயல்பான பிரிவு. 18-ஆம் வெளியீடு இரண்டுக்கும் இடையே விரைவாக மாறிக்கொள்ள வழி செய்தது; இந்த ஒப்பீட்டில் ஒரே விடை கிடையாது என்பதைத் தரநிலையே ஒப்புக்கொண்டதாக நான் அதைப் படிக்கிறேன்.

கீழிறங்கு இணைப்பில் இவ்வழி பயன்படாததற்குக் காரணம் எளியது. ஒவ்வொரு பயனரின் சிக்னலும் தனித்தனியே உச்சம் குறைந்ததாக இருந்தாலும், அடிநிலையம் அவற்றை எல்லாம் கூட்டி ஒரே பெருக்கியில் அனுப்புகிறது. கூட்டியதும் காஸியப் பரவல் திரும்பிவிடும். பல ஊர்தி அலைகளை ஒரே பெருக்கியில் சேர்க்கும் எந்த நிலையத்துக்கும் இது பொருந்தும். மறுமுனையில், மிகச் சிறிய தரவை மிக நீண்ட காலம் ஒரே பேட்டரியில் அனுப்ப வேண்டிய என்பி-ஐஓடி கருவிகளுக்கு, 13-ஆம் வெளியீடு ஒற்றைத் தொனியில் மேலேற்றவே இடம் தந்தது. அங்கே பல ஊர்தி அலைகளே இல்லாததால் உச்சப் பிரச்சினை ஏறத்தாழ இல்லாமல் போகிறது.

முடிவெடுக்கும்போது அளக்க வேண்டியவை

சிம்பலின் மிக உயர்ந்த ஒரு புள்ளியை மட்டும் பார்க்கும் உச்ச-சராசரி விகிதம், பெருக்கி உண்மையில் படும் பாட்டைச் சரியாகச் சொல்வதில்லை. பெருக்கியின் முதன்மையான நேரின்மை மும்மடிச் சார்பாக இருப்பதால், 3ஜிபிபி தன் மதிப்பீடுகளில் மும்மடி அளவு எனப்படும் ஒன்றைக் கையாண்டது. ஒரே உச்ச விகிதம் கொண்ட இரு சிக்னல்கள் அதில் வேறுபடக்கூடும். அதைவிடவும் நேரான அளவு ஒன்று உண்டு. பின்வாங்கலில் எத்தனை டெசிபல் மிச்சமானது என்பதிலிருந்து, இலக்குப் பிழை வீதத்தை எட்ட ஏற்பிக்குக் கூடுதலாகத் தேவைப்படும் டெசிபலையும், இழந்த பிட் வீதத்தின் டெசிபல் ஈட்டையும் கழித்தால் மிஞ்சுவதே நிகர இலாபம். தொனி ஒதுக்கீட்டின் ஒரு விழுக்காடு இந்தக் கணக்கில் 0.04 டெசிபல் மட்டுமே. 25 டெசிபல் ஏற்பிக்கு ஆறு டெசிபலில் வெட்டுவது 3.6. இரண்டையும் ஒரே அலகில் வைத்ததும் முடிவு தானே தெளிகிறது. கூடுதல் கணக்கீட்டுக்கான மின்சாரத்தை வாட்டிலேயே தனியாக எழுதி, பெருக்கியில் மிச்சமாகும் வாட்டோடு நேரடியாக ஒப்பிட வேண்டும்.

இந்த அளவுகோலின்படி, தரநிலைக்குக் கட்டுப்பட்ட அடிநிலையத்துக்கு என் தேர்வு, 7 முதல் 8 டெசிபல் வரையிலான சுழற்சி வெட்டுதல் அல்லது உச்ச நீக்கம், அதன் பின்னே இலக்க முன்திரிப்பு, டோஹர்ட்டி பெருக்கி. ஒளிபரப்பு நிலையத்துக்குத் தொனி ஒதுக்கீடு. க்யூபிஎஸ்கே, 16-க்யூஏஎம் போன்ற ஐதான பண்பேற்றம் என்றால் நீட்சி. பேட்டரியில் ஓடும் கருவிக்குப் பரப்பிய வடிவம்.

இரு முனைகளையும் தாமே வடிவமைக்கும் தனி இணைப்புக்குத்தான் உண்மையான தெரிவு மிச்சம் இருக்கிறது. ஓரடுக்குப் பரப்புதல், ஒரு பரப்பிக்கு ஒரே தரவோட்டம் என்றால், முதலில் பரப்பிய வடிவத்தை எடுத்து, தடத்தின் அலைவெண் மாறுபாட்டை உண்மையான இடத்தில் அளந்து, சமனாக்கி இழப்பு ஒன்றரை டெசிபலைத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டினால் சாதாரண ஓஎஃப்டிஎம்முக்குத் திரும்பி, பண்பேற்றம் 64-க்யூஏஎம் வரை மட்டுமே என்றால் 7 டெசிபல் அளவில் வெட்டிக்கொள்ளலாம்; அதற்கும் அடர்ந்த பண்பேற்றம் கட்டாயம் என்றால், வெட்டும் வரம்பை எட்டுக்கு உயர்த்துவதா, எஸ்எல்எம்மில் நான்கு மாற்றுகளைச் சேர்ப்பதா என்பதை, மேற்சொன்ன நிகர இலாபக் கணக்கை நான்கு மடங்கு மிகைமாதிரியோடு ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.